ஆறாவது ஸ்லாட்

பிப்ரவரி 2, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். கணபதி ஏரியாவில், நந்தகோபால் அண்ணனுடைய கம்பெனி. என் வீட்டுக்காரர் பூபதி நின்று ஓட்டிய அதே சி.என்.சி. மில்லிங் மெஷின். பொங்கலுக்கு முன்னால் அவர் விரல்களை வாங்கியதும் இதேதான். கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் பீளமேட்டில் இந்த வேலைதான் பார்த்தேன். டிப்ளமோ படித்தவள். அதனால் பாவம் பார்த்து எனக்கு வேலை போட்டுக் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இந்த டைரி, மெஷினில் மாட்டி இரும்பை வெட்டும் கட்டர்களை விற்கிற கடைக்காரர் புது வருஷத்துக்கு ஓசியில் கொடுத்தது. வருஷா வருஷம் பூபதிக்கு ஒன்று வரும். எந்தக் கட்டர் எத்தனை நாள் உழைத்தது என்று குறித்து வைப்பார். இந்த வருஷம் அவர் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். வெள்ளைத் தாள் சும்மா கிடப்பது எனக்குப் பிடிக்காது, நான் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பூபதி ஓட்டிய அதே ஜாப்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நெசவு மெஷினுக்குப் போகிற இரும்பு பிளேட். ஒரு பிளேட்டில் வரிசையாக ஐந்து ஸ்லாட், நீளமான பள்ளங்கள். ஒவ்வொன்றும் பென்சில் அகலம்கூட இல்லை, ஆனால் விரல் மூட்டு வரைக்கும் ஆழம். இரண்டு முனையும் மூடியது. பக்கத்திலிருந்து கட்டர் உள்ளே வர வழியில்லை, மேலிருந்துதான் இறங்க வேண்டும். வெட்டின பொடி வெளியே வரவும் மேலேதான் வழி. அது வருமா? அடியிலேயே கிடக்கும். கட்டர் வெட்டினதையே திரும்ப வெட்டும். சூடு தணிக்கக் கூலண்ட் ஊற்றினால் பொடி சேறாகி இன்னும் மோசம். கடைசியில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒடிந்த முனை ஸ்லாட்டுக்குள் சொத்தைப் பல் மாதிரி மாட்டிக்கொள்ளும், பிளேட்டைத் தூக்கி ஸ்கிராப்பில் போட வேண்டியதுதான்.

காலையில் ஒன்று ஒடிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொன்று. பக்கத்து லேத்தில் நிற்கும் ஆரோக்கியராஜ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டர் ஓடும்போதே ஏர் கன்னால் ஊதிக்கொண்டிருந்தால்தான் இந்த ஸ்லாட் போகும் என்றார். எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள் என்று ஆரம்பித்தவர், யார் எல்லாரும் என்று சொல்ல வேண்டி வந்ததும் லேத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கதவில் ஒரு காந்தமும், அது வந்து சேரும் இடத்தில் ஒரு சென்சாரும் இருக்கின்றன. திறந்து பார்த்தேன். நிற்கவில்லை. சுழன்றுகொண்டே இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று திறந்து வைத்து ஓட்டினேன். இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே நீட்டி ஊதினேன். கட்டர் ஒடியவில்லை. பிளேட் பிளேட்டாக இறங்கியது.

வேறு யாருடைய கையோ போய் வருவது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

வீட்டில் அவர் கையைத் துண்டில் சுற்றியே வைத்திருக்கிறார். டாக்டர் காற்றாட விடச் சொன்னார். கேட்டால்தானே.

சாப்பாடுதான் பெரிய பாடு. இடது கையால் அள்ளிச் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஸ்பூன் கொடுத்தேன். அதையும் யாரும் பார்க்கக் கூடாது. தட்டை அறைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அத்தையும் வெளியே உட்கார்ந்திருக்கிறோம். ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டால் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். சத்தம் கேட்காத நேரம் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார். எனக்கு அழுகை வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்ய முடியும்? அத்தை என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசி மாவு ஆட்டினேன்.

பார்க்க வந்தவர்கள் இன்றும் குறையவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்களை வைத்து ஒரு கடை திறக்கலாம். ஒரு சித்தப்பா, மெஷின் ஓட்டும்போது போன் பார்த்துக்கொண்டிருந்தாயா மாப்பிள்ளை என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். எதற்கும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, நான் போட்ட காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த தடவை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுக்கிறேன்.

சாயங்காலம் அவரே வாயைத் திறந்தார். இல்லாத விரல் அரிக்கிறதாம். எந்த விரல் என்று கேட்டேன். நடு விரல். எங்கே சொறிவது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டுக்கு மேலே கையை வைத்தேன். இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நந்தகோபால் அண்ணன் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். தொழிற்சாலை ஆய்வாளர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விபத்தை விசாரிக்க வருகிறாராம். நடந்தது என்னவென்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம். மெஷின் சரியாக இருந்தது, கதவைத் திறந்து கட்டர் சுழன்று நிற்பதற்குள் பூபதி அவசரப்பட்டுக் கையை விட்டுவிட்டான். என்னிடம் கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டும்.

மெஷின் கதவைத் திறந்தாலும் ஓடுகிறதே அண்ணா என்றேன்.

"அன்னிக்கு ஆம்புலன்சுக்குக்கூடக் காத்திருக்காம என்ற கார்லதான் அள்ளிப் போட்டுட்டுப் போனேன் வாணி. வெரல ஐஸ்ல போட்டு மடியில வெச்சிருந்தேன். இந்தக் கம்பெனிய இழுத்து மூடுனா உனக்கு என்ன வரும், எனக்கு என்ன வரும், சொல்லு."

அது பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னைவிட அதிகமாக அழுதது அவர்தான். அவர் சட்டை முழுக்க ரத்தமாக இருந்ததை நான் பார்த்தேன். நல்ல மனுஷர்தான். அதுதான் என் தலைவலி. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

பிப்ரவரி 11, புதன்

டீ நேரத்தில் மெஷினை அணைத்துவிட்டு சென்சாரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் மேல் இன்னொரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்கிறது. சும்மா ஒட்டியது இல்லை. காந்தத்துக்கு அலுமினியத்தில் ஒரு கூடு கடைந்து, மெஷினின் சாம்பல் பெயின்ட்டையே அடித்து, மெஷினோடு பிறந்தது மாதிரி வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்கள் நூறு தடவை பார்த்தாலும் தெரியாது.

விரலால் தடவிப் பார்த்தேன். ஓரமெல்லாம் மழமழவென்று உருட்டியிருந்தது. யார் கண்ணிலும் படாத சாமானுக்கு ஓரம் உருட்டுகிற ஆள் இந்தக் கம்பெனியில் யார்? நந்தகோபால் அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆரோக்கியராஜ் அண்ணன் செய்கிற சாமான் எல்லாம் கையைக் கிழிக்கும்.

எங்கள் வீட்டுச் சாமி அறையில் பூபதி கடைந்த ஊதுபத்தி ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் அடியில் ஓரம் உருட்டியிருக்கும்.

யார் செய்தால் என்ன. டீ ஆறிப்போயிருந்தது, கீழே ஊற்றினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்றும் விசேஷம் இல்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தானாக வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அந்த பிளேட்தானே ஓடுகிறது என்றார். ஆமாம் என்றேன்.

"எத்தன ஸ்லாட்டு?"

"அஞ்சுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கீரைக் கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அந்த பிளேட்டில் முதலில் ஆறு ஸ்லாட். மாதக் கணக்கில் ஆறுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில் புது டிராயிங் வந்தது, கடைசி ஸ்லாட் வேண்டாம் என்று. புரோகிராமில் உட்கார்ந்து ஆறாவதை அழித்தது அவரேதான். அழித்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். ஸ்லாட் எல்லாம் முடிந்ததும் மேல் முகத்தைச் சீவுவதற்குப் பெரிய கட்டர் வரும், உள்ளங்கை அகலத்துக்கு, சுற்றிலும் பல் வைத்தது. ஐந்தாவது முடிந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று கை பாட்டுக்கு ஆறாவது ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் ஊதப் போயிருக்கிறது. அங்கே ஸ்லாட் இல்லை. பெரிய கட்டர் வந்துகொண்டிருந்தது.

"மூளைக்குத் தெரியும் வாணி. கைக்கு யாரும் சொல்லல."

கீரையில் பாதித் தண்டை இலையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அதைத் திரும்பப் பொறுக்கினேன்.

காந்தத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று ஒரு கட்டர் ஒடித்துவிட்டேன் என்று சும்மா சொல்லி வைத்தேன். கதவைத் திறந்து வைத்துக் கையை நீட்டித்தான் ஊதுகிறேன் என்றும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் இந்த டைரியையே தூக்கிக்கொண்டு வந்தார். முன்னால் எழுதியதை எல்லாம் படித்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து இடது கையால் கிறுக்கியிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்தது மாதிரி இருந்தது. ஆனால் புரிந்தது.

கட்டரை நேராக இறக்காதே, முதலில் ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் டிரில் வைத்துத் துளை போட்டுவிடு என்றார். கட்டர் இறங்கவும் இடம் கிடைக்கும், பொடி ஒதுங்கவும் இடம் கிடைக்கும். மெலிசாக மெலிசாக எடு, நடுநடுவே கட்டரை மேலே தூக்கிவிடு. கூலண்ட் வேண்டாம். செம்புக் குழாய் ஒன்றை வளைத்து, கட்டரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி ஏர் லைனைச் சேர்த்துவிட்டால் கட்டர் போகிற பக்கம் எல்லாம் அதுவே ஊதிக்கொண்டு போகும். கை வேண்டாம்.

இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டா கையை விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இப்பிடி ஓட்டுனா நேரம் புடிக்கும். ஓனருக்குப் புடிக்காது. எனக்கும் அப்போ புடிக்கல," என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

குழாயை ஆரோக்கியராஜ் அண்ணன் வளைத்துக் கொடுத்தார். இரண்டு தடவை கோணலாக வந்தது. மூன்றாவது தடவை இயேசுவே என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாட்டினோம். கதவை மூடினேன். ஸ்டார்ட் அழுத்தினேன்.

கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டர் துளைக்குள் இறங்கி, போய், வந்து, மேலே ஏறி, மறுபடி இறங்கியது. பொடி கூடவே பறந்தது. டிக் சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஐந்து ஸ்லாட்டும் முடிந்து பெரிய கட்டர் வந்தது. என் இரண்டு கையும் வெளியே, பாக்கெட்டுக்குள் இருந்தன.

சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பசிதான் எடுத்தது.

நந்தகோபால் அண்ணன் வந்து ஸ்லாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லா வந்திருக்குது என்றார். பிறகு வாட்சைப் பார்த்தார். ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு நேரமானால் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு எப்போது அனுப்புவது என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படி ஓட்டு, ஆய்வாளருக்குக் காட்ட நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து ஒரு கட்டர்கூட ஒடியவில்லை என்று சொன்னேன். பூபதி எந்திரித்து உட்கார்ந்து, குழாய் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழையபடி பார்த்துக்கொள்ளலாம் என்று ஓனர் சொன்னதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

நாளைக்கு ஆய்வாளர் வருகிறார். தரையைக் கழுவினோம். யாரும் போடாத பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கு எல்லாம் தூசி தட்டினோம்.

சாயங்காலம் அண்ணன் வந்து காந்தத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். தூக்கிப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. புது வேஸ்ட் துணியில் பதவிசாகச் சுற்றி என் டூல் டிராயரில் வைத்தார்.

"சனிக்கெழம எடுத்து ஒட்டிக்கலாம். பத்தரமா வெச்சுக்க."

சரிங்க அண்ணா என்றேன். என் வாய்தான் சொன்னது.

நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். கேட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பூபதி பேரில் தப்பு என்று சொன்னால் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது, அவன்தான் ஏற்கெனவே பட்டுவிட்டானே என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு அது ஆறுதல் என்றே தோன்றியிருக்கிறது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டாப்பிங் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி நடந்து வந்தேன். அத்தை தோசை ஊற்றி வைத்திருந்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது டிராயரைத் திறந்தேன். காந்தத்தை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினேன். டப் என்று போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு அளவாகச் செய்திருக்கிறார்.

ஆய்வாளர் பெண். கண்ணாடி போட்டு, தலையை இழுத்துக் கட்டி, எங்கள் ஸ்கூல் ஹெச்.எம். மாதிரி இருந்தார். வந்ததும் நாற்காலி வேண்டாம் என்றார், இளநீர் வேண்டாம் என்றார். மெஷினைக் காட்டுங்கள் என்றார். அடிபட்டவருடைய மனைவிதான் இப்போது ஓட்டுகிறார் என்று அண்ணன் சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார்.

பிளேட்டைக் கட்டினேன். கதவை மூடினேன். முதல் ஸ்லாட் ஓடியது. ஏர் குழாயைப் பார்த்து, நல்ல ஏற்பாடு, யாருடைய யோசனை என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். எழுதிக்கொண்டார். கதவுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கதவத் தொறந்தாலே மெசினு நின்னுருங்க மேடம். வாணி, தொறந்து காட்டு."

அவரேதான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரம் கொடுத்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு என்ன தெரியும்?

திறந்தேன்.

நிற்கவில்லை. கட்டர் அதுபாட்டுக்கு ஸ்லாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. காற்று சீறியது. இரும்புப் பொடி பறந்து வந்து ஆய்வாளரின் புடவையில் ஒட்டியது. யாரும் நகரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அண்ணன்தான் ஓடி வந்து சிவப்பு பட்டனை அடித்தார். மெஷின் இழுத்து இழுத்து நின்றது.

நான் உள்ளே கையை விட்டுக் காந்தத்தை எடுத்து ஆய்வாளரின் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரும்மா செஞ்சது?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரும் சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

மெஷினுக்கு சீல் வைத்தார்கள். அடிபட்டவரிடமும் திங்கள்கிழமை வாக்குமூலம் வாங்க வேண்டும், முடிந்தால் இங்கே வரட்டும், இல்லையென்றால் நான் வீட்டுக்கு வருகிறேன் என்று ஆய்வாளர் சொன்னார். நான் கிளம்பும்போது அண்ணன் என்னைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 21, சனி

வீட்டில் சொல்லிவிட்டேன். கதவைத் திறந்தது, நிற்காதது, சீல் வைத்தது எல்லாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அத யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

பிறகு, உனக்குத் தெரியுமா என்றார்.

"ஓரம் உருட்டியிருந்துச்சு. வேற யாரு உருட்டுவா?"

துண்டுக்குள் இருந்த கை அசைந்தது. அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. நல்லா வந்திருக்குதுன்னு ஓனரு எல்லார்த்துக்கிட்டயும் காட்டினாரு வாணி, எனக்குப் பெருமையா இருந்துச்சு என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை துண்டின் மேல் கையை வைத்தபோது இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை ஆய்வாளரை வீட்டுக்கே வரச் சொல்லவா என்று கேட்டேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாவு ஆட்டினேன். ரேஷன் கடை லீவு.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். இடது கையால் பட்டன் போட்டதில் ஒன்று தப்பியிருந்தது. சரி செய்யப் போனேன், வேண்டாம் என்றார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வாசலுக்கு வந்தார். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். நான் எல்லாரையும் திருப்பி முறைத்தேன். சில பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் ஆரோக்கியராஜ் அண்ணன் லேத்தை அணைத்துவிட்டார். அந்தக் கையை எல்லாரும் முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஆபீஸ் ரூமில் ஆய்வாளரும் நந்தகோபால் அண்ணனும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். இவர் உட்காரவில்லை. மேஜை மேல் அந்தக் காந்தம் இருந்தது.

"காந்தம் நான் செஞ்சதுங்க. ஒட்டி ஓட்டச் சொன்னது அவரு. ரெண்டையும் எழுதிக்கங்க," என்றார்.

நந்தகோபால் அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஆமாங்க என்றார். அதற்காக அவர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. ஆய்வாளர் இரண்டையும் எழுதினார். கதவைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டோடு புது சென்சார் வருகிறது, அதை மாட்டிக் காட்டுகிற வரைக்கும் சீல் எடுக்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இவர் கையெழுத்து போட்டார். இடது கையில் பேனா வழுக்கி வழுக்கி, பூபதி என்று எழுதி முடிக்க நிறைய நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்தபோது சாப்பாட்டு மணி. போகலாமா என்றேன். பசிக்குது என்றார். என் டிபன் பாக்ஸைத் திறந்தேன், தக்காளி சாதம். ஸ்பூன் எடுத்து வரவில்லை. இவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

என் மெஷினுக்கு முன்னால், சீல் வைத்த கதவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். எல்லாரும் அவரவர் டப்பாவோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவர் இடது கையை நீட்டி, சாதத்தை அள்ளி, வாயில் வைத்தார். இரண்டு பருக்கை சட்டையில் விழுந்தது. ஆரோக்கியராஜ் அண்ணன் ஒரு துண்டு மீனை இவர் டப்பாவில் வைத்துவிட்டுத் தன் சாப்பாட்டைப் பார்க்க ஆரம்பித்தார். இவர் மறுபடி அள்ளினார்.

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பொங்கலிலிருந்து சேர்த்து வைத்தது மொத்தமும் வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நின்று கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். இன்றைக்கு ஒரு மெஷினும் ஓடவில்லை. நான் அழுதது கேட் வரைக்கும் கேட்டிருக்கும். ஆபீஸ் ரூமில் நந்தகோபால் அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

பூபதி தலையை நிமிர்த்தவில்லை. சாதம் ஒட்டிய கையாலேயே தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.